ரோ லாரெனின் தோடு

விண்வெளியில் நிகழ்வதாகப் புனையப்பட்ட ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எழுத முற்படுவது இவ்விதழின் வாசகர்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். எழுத அமர்ந்தபோது எங்களுக்கும் அத்தயக்கம் இருந்தது. ஆயினும், கீழ்புத்துப்பட்டு முகாமில் நாங்கள் வாழ்ந்த காலத்தில் அத்தொடரின் மூன்று கதைகள், நீண்ட இடைவெளிகளில், எங்கள் வீட்டுக்குள் வந்தன. வீட்டில் எவரும் வாய் திறந்து பேசாதிருந்த ஒன்றை இறுதியில் அவையே பேசவைத்தன. அதனைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்பது அக்காளும் தம்பியுமாகிய இருவர். மன்னார்த் தீவில் பேசாலை எங்கள் ஊர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டே பெற்றோருடன் படகேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கினோம். மண்டபத்தில் சில வாரங்கள் தங்கியபின், மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடலோரமாயுள்ள கீழ்புத்துப்பட்டுக்குக் கொண்டுவரப்பட்டோம். அப்போது அக்காளுக்கு 12 வயது, தம்பிக்கு 9. எங்களுக்கு மூத்தவனாக ஓர் அண்ணன் உண்டு. அவன் எங்களுடன் வரவில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஓரிரவு இயக்கத்துக்குப் போனவன் அவன். "அண்ணன் எங்களை விட்டுப் போய்விட்டான்" என்பதே வீட்டில் வழங்கிய வாக்கியம். அந்த வாக்கியத்துக்கு அப்பால் பேச்சு நகர்ந்ததில்லை.

முகாமில் எங்களுக்குக் கிடைத்தது பத்துக்குப் பத்து அளவிலான ஓர் அறை. அம்மா மரக்காணம் உப்பளங்களுக்குக் கூலி வேலைக்குப் போனார். மன்னாரிலும் உப்பளம் உண்டு. ஆகையால் அவ்வேலை அவருக்கு முற்றிலும் புதியதன்று. மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்திகளை மிதித்து இறுக்குவார்கள். உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் அது வற்றி வெண்மையாகப் பூத்தபின் உப்பை வாரிக் குவிப்பார்கள். பெண்கள் அதைக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள். மாலையில் வீடு திரும்பியதும் அம்மா முதலில் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, வெடிப்புகளில் தேங்காயெண்ணெய் தடவுவார். அவர் காதுகளில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாதிருக்க வேப்பங்குச்சி செருகியிருப்பார். அவருடைய தோடுகள் எங்கள் படகுக் கூலியாகப் போயின.

அம்மாவின் இளைய சகோதரரான சின்ன மாமா டொராண்டோ நகரில் இருந்தார். இரவு முழுவதும் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுவார். பகலில் தொலைக்காட்சி பார்த்து ஆங்கிலம் கற்பார். அவ்வாறு அவர் ஒன்றிப்போன தொடர்தான் 'ஸ்டார் ட்ரெக்'. பிடித்த கதைகளை வீடியோ நாடாவில் பதிந்து, சென்னைக்கு வருவோரிடம் கொடுத்தனுப்புவார். நாடாவுடன் ஒரு கடிதமும் வரும். அதில் ஒவ்வொரு கதையையும் தமிழில் சுருக்கி எழுதியிருப்பார். அக்காள் அதை உரக்கப் படிக்க, பிறகே படத்தைப் பார்ப்போம்.

பார்ப்பதும் எளிதாக இல்லை. வட அமெரிக்காவில் வழங்கிய ஒளிபரப்பு முறை வேறு, இந்தியாவில் வழங்கியது வேறு. வாடகைக்குக் கிடைத்த டெக்கில் அந்த நாடாவைப் போட்டால், படம் நிறமிழந்து மேலும் கீழும் உருண்டது. நல்வாய்ப்பாக, பக்கத்துக் கிராமத்தில் துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம் எல்லா முறைகளிலும் ஓடும் டெக் இருந்தது. அவர் எண்பதுகளில் தூர்தர்ஷனில் இத்தொடரின் பழைய கதைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தவர். "கூர்ங்காது மனிதர் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே டெக்கைத் தூக்கி வந்தார். கூர்ங்காது ஸ்பாக் இக்கதைகளில் இல்லை என்று அறிந்ததும் அவருடைய ஆர்வம் குன்றியது. எனினும் டெக்கை விட்டுச் சென்றார்.

தொடரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஜீன் ராடன்பெரி என்பவர் உருவாக்கிய 'ஸ்டார் ட்ரெக்' 1966 செப்டம்பர் 8 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கியது. 79 கதைகளுடன் 1969இல் அது நிறுத்தப்பட்டது. ஆனால் அதன் ரசிகர்கள் அதனைச் சாகவிடவில்லை. 1987 முதல் 1994 வரை 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற பெயரில் அடுத்த தலைமுறைக் கதைகள் வந்தன. அதன் பின்னரும் பல தொடர்கள் கிளைத்தன. 24ஆம் நூற்றாண்டில் வறுமை நீங்கிய மனிதகுலம், எண்டர்பிரைஸ் என்னும் விண்கலத்தில் அறியாத உலகங்களைத் தேடிச் செல்வதே அடிப்படை. பசியற்ற அவ்வுலகத்தைப் பார்க்கும்போது எங்களுக்கு முதலில் பொறாமையே எழுந்தது. கேட்ட உணவைச் சுவரிலுள்ள பொறி ஆக்கித் தருவதைக் கண்ட அப்பா, "உது இருந்தால் பங்கீட்டு அட்டைக்கு வேலை இல்லை" என்றார்.

1993இல் வந்த நாடாவுடனான கடிதத்தில் மாமா ஒரு வரியை அடிக்கோடிட்டிருந்தார்: "இதில் எங்களைப் போல ஒரு பெட்டை வாறாள், கவனிச்சுப் பாருங்கோ." 'என்சைன் ரோ' என்பது அக்கதையின் பெயர். அது முதலில் ஒளிபரப்பானது 1991 அக்டோபர் 7 அன்று. அதன்பின் பதினேழாம் நாள், அக்டோபர் 24 அன்று, ராடன்பெரி காலமானார்.

பஜோர் என்ற கிரகத்தைக் கார்டேசியர் என்போர் கைப்பற்றியிருக்கின்றனர். பஜோர் மக்கள் சிதறி, வேற்றுக் கிரகங்களில் முகாம்களில் வாழ்கின்றனர். அப்படிப்பட்ட முகாம் வாழ்வில் வளர்ந்தவள் ரோ லாரென். விண்படையில் சேர்ந்து, கட்டளையை மீறியதால் எட்டுப் பேர் இறக்கக் காரணமாகி, சிறைக்குச் சென்றவள். அவளை ஒரு பணிக்காக விடுவித்து எண்டர்பிரைசுக்கு அனுப்புகின்றனர். கலத்தில் கால் வைத்ததுமே, இரண்டாம் நிலை அதிகாரி அவளுடைய காதணியைக் கழற்றச் சொல்கிறார். சீருடை விதிகள் அதற்கு இடந்தருவதில்லை. பஜோர் மக்களுக்கோ அக்காதணி தம் மரபின் அடையாளம். ரோ மறுபேச்சின்றிக் கழற்றுகிறாள். மிஷேல் ஃபோர்ப்ஸ் என்ற நடிகை அந்தக் கணத்தில் முகத்தில் எதையும் காட்டுவதில்லை. அம்மாவின் கை தன்னையறியாமல் வேப்பங்குச்சியைத் தொட்டதைக் கண்டோம்.

அடுத்துக் கலத்தலைவர் பிக்கார்ட், "என்சைன் லாரென்" என்று அவளை அழைக்கிறார். பஜோர் வழக்கில் குடும்பப் பெயர் முன்னும் சொந்தப் பெயர் பின்னும் வரும் என்று அவள் திருத்துகிறாள். இங்கே நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். தந்தை பெயரை முன்னால் எழுதும் எங்கள் வழக்கம் கனடாவின் படிவங்களில் நுழைந்து தலைகீழாகி, சின்ன மாமாவை உணவகத்தில் அனைவரும் எங்கள் தாத்தாவின் பெயரால் அழைத்தனர். இறந்துபோன மனிதரைக் கூப்பிட்டுப் பாத்திரம் கழுவச் சொல்கிறார்கள் என்று மாமா ஒருமுறை எழுதியிருந்தார்.

பிக்கார்ட் முகாமுக்கு இறங்கும் காட்சி சில நிமிடங்களே நீடிக்கிறது. தீவிரவாதத் தலைவன் ஒருவனைக் கண்டுபிடிக்க உதவி கேட்டு அவர் வந்திருக்கிறார். முகாமின் பெரியவரோ, நீங்கள் அரசியல் பேசுகிறீர்கள், எங்களுக்குப் போர்வை இல்லை என்ற பொருள்படப் பதிலளிக்கிறார். இருட்டுவதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு போர்வை தரும்படி பிக்கார்ட் ஆணையிடுகிறார். இரசிகர்கள் பலர் இக்காட்சியில் பிக்கார்டின் பெருந்தன்மையைக் காண்பர். நாங்கள் பார்த்ததோ போர்வையை வாங்கும் கைகளை. மண்டபத்தில் பாயும் போர்வையும் அலுமினியப் பாத்திரங்களும் பெற வரிசையில் நின்றபோது, கொடுத்தவர்களின் முகங்கள் எங்களுக்கு நினைவில் இல்லை; முன்னால் நின்றவரின் முதுகே நினைவில் உள்ளது. கதையில் குறையும் கண்டோம். அந்த முகாம் இருளும் புகையுமாக இருந்தது. துன்பத்தை இருளாகவே காட்டுவது திரைக்கலையின் வழக்கம் போலும். எங்கள் அம்மாவின் துன்பம் கண்கூசும் உப்பு வெளிச்சத்தில் நிகழ்ந்தது.

ஏழு வயதில், தன் கண்ணெதிரே தந்தை சித்திரவதைப்பட்டு இறந்ததை ரோ பிக்கார்டிடம் சொல்கிறாள். கதையின் முடிவில் அவர் அவளைக் கலத்திலேயே பணிபுரிய அழைக்கிறார். காதணி அணியவும் இசைவு கிடைக்கிறது. அப்பாவுக்கு அந்த முடிவு மிகவும் பிடித்திருந்தது. "நல்ல மனிசன்" என்றார்.

இரண்டாம் கதை 1995இல் எங்களிடம் வந்தது. 'ப்ரீஎம்ப்டிவ் ஸ்ட்ரைக்' என்ற அது 1994 மே 16 அன்று ஒளிபரப்பானது. அதற்கு அடுத்த வாரம் அத்தொடரே முடிந்துவிட்டது. வல்லரசுகள் இரண்டு ஓர் உடன்படிக்கை செய்து எல்லைக்கோட்டை மாற்றுகின்றன. கோட்டின் தவறான பக்கத்தில் அகப்பட்ட குடியேறிகளை எவரும் கேட்கவில்லை. அவர்களிற் சிலர் 'மாக்கி' என்ற பெயரில் ஆயுதம் எடுக்கின்றனர். அவர்களை உளவறிந்து காட்டிக்கொடுக்கும் பணியை பிக்கார்ட் ரோவிடம் ஒப்படைக்கிறார். அங்கே ஒரு முதியவர் அவளை மகளைப் போல நடத்துகிறார். அவளுடைய ஊர்ச் சமையலின் காரத்தைத் தம் கையால் ஆக்கித் தருகிறார். கார்டேசியர் தாக்குதலில் அவர் கொல்லப்பட, ரோ பக்கம் மாறுகிறாள். தலைவரிடம் தன் வருத்தத்தைத் தெரிவிக்கும்படி சக அதிகாரியிடம் சொல்லிவிட்டு, மாக்கியினருடன் போய்விடுகிறாள். அச்செய்தியைக் கேட்டு பிக்கார்ட் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருப்பதே இறுதிக் காட்சி.

பாட்ரிக் ஸ்டூவர்ட் என்னும் அந்நடிகர் சொல்லின்றி நடித்த இடங்களில் அதுவே தலையாயது என்று இன்றும் கருதுகிறோம். அன்றோ எங்களுக்கு அதைப் பாராட்டும் மனநிலை இல்லை. நாடா முடிந்து திரையில் வெண்புள்ளிகள் இரைந்தன. அப்பா திரையையே பார்த்தபடி இருந்தார். அம்மா கேட்டார்: "அந்த மனிசன் அவளைத் தேடிப் போகேல்லையோ?"

"இல்லை அம்மா. கதை முடிஞ்சுது."

"தேடிப் போகாமல் கதை எப்பிடி முடியும்?"

அம்மா எழுந்து வெளியே போனார். நாங்கள் டெக்கைத் துணியில் சுற்றினோம். அப்பா தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாமா அனுப்பிய நாடாக்களில் ரோ வரவில்லை.

ஆண்டுகள் சென்றன. அப்பா 2006இல் முகாமிலேயே காலமானார். 2009 மேயில் போர் முடிந்தது. அண்ணனைப் பற்றிய செய்தி எந்தப் பட்டியலிலும் இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. அக்காளின் மகள் இம்முகாமில் பிறந்தவள், கல்லூரிக்குச் செல்கிறாள்.

இலங்கையில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் இயற்றப்பட்டு, 2018இல் அவ்வலுவலகம் செயற்படத் தொடங்கியது. பேசாலையிலுள்ள உறவினர் ஒருவர், அண்ணனைப் பற்றி விண்ணப்பம் கொடுக்கலாம் என்று 2022இல் எழுதினார். விவரங்கள் கேட்டிருந்தார்: பெயர், பிறந்த நாள், கடைசியாகக் கண்ட நாள், கடைசியாகக் கிடைத்த செய்தி. முதலிரண்டையும் எழுதினோம். மற்ற இரண்டையும் எழுதாமல் கடிதத்தை அலமாரியில் வைத்தோம். மறந்துவிட்டோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

2023 மார்ச்சில், முதுமையடைந்த பிக்கார்டைப் பற்றிய புதிய தொடரின் மூன்றாம் பருவத்தை, அக்காளின் மகள் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவள் உங்கட ரோ இல்லையோ?" என்று கைபேசியை நீட்டினாள். ஆம், அவளேதான். நரை விழுந்த மிஷேல் ஃபோர்ப்ஸ். முப்பது ஆண்டுக்கு முன் அடிக்கோடிட்ட கடிதம் வந்த அதே அறையில், அம்மாவை நடுவில் இருத்தி, கைபேசியைச் செம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். 'இம்போஸ்டர்ஸ்' என்பது அக்கதையின் பெயர்.

ரோ தானாகவே சரணடைந்து, விசாரணையும் சிறையும் கண்டு, மீண்டும் விண்படையின் உளவுப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். இப்போது பிக்கார்டை விசாரிக்கும் அதிகாரியாக வருகிறாள். விண்படைக்குள் வேடமிட்ட பகைவர் புகுந்திருப்பதால் எவர் உண்மை என்று தெரியாத நிலை. தனியறையில் இருவரும் துப்பாக்கியை நீட்டியபடி பேசுகின்றனர். தாம் வைத்த நம்பிக்கையை அவள் உடைத்ததாக அவர் சொல்கிறார். அவர் தன்னை உண்மையில் அறிந்துகொண்டதே இல்லை என்று அவள் சொல்கிறாள். நெஞ்சை உடைத்தவர் யார் என்பதில் இருவருடைய குற்றச்சாட்டும் ஒன்றாகவே இருக்கிறது. அந்த ஒரே வழியால்தான், எதிரே நிற்பவர் உண்மையான மனிதர் என்று இருவரும் தெளிகின்றனர்.

அதன்பின் ரோ தன் காதணியைக் கழற்றி பிக்கார்டிடம் கொடுக்கிறாள். அவள் திரட்டிய உளவுச் செய்திகள் அதற்குள் இருக்கின்றன. திரும்பும் வழியில், தன் சிறுகலத்தில் வெடிகுண்டு வைக்கப்பட்டிருப்பதை அறிந்து, பகைவர் வசமிருந்த கலத்தின்மீது அதை மோதவிட்டு இறக்கிறாள். இரசிகர்கள் என்ற முறையில் எங்களுக்கு மிகுந்த மனக்குறை உண்டு. 29 ஆண்டுகள் காத்திருந்தவளை ஒரு மணி நேரத்துக்குள் வரவழைத்து, பேசவைத்து, கொன்றும்விட்டார்கள். எனினும், கதாசிரியர்கள் அவளை மறந்துவிடவில்லை. அவள் தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்புத் தந்தார்கள். அதற்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அம்மாவுக்கு இப்போது காது மந்தம். திரையைச் சுட்டிக் கேட்டார்: "தோட்டைக் கழற்றி அவரிட்டைக் குடுத்திட்டாளோ?"

"ஓம் அம்மா."

"நாங்களும் தோட்டைக் குடுத்துத்தான் வந்தம்." சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "பொறுக்கச் சொன்னவன். நாங்கள்தான் வந்திட்டம்."

அக்காளின் மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் இருவருக்கும் விளங்கியது. 1990இல் நாங்கள் படகேறிய வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரத்தில், மிதிவண்டியில் ஒரு பையன் எங்கள் வளவுக்கு வந்தான். அண்ணன் சொல்லியனுப்பிய செய்தி இது: ஞாயிறு வரை பொறுங்கள், நானும் வருவேன். அப்பா அப்பையனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். தோடுகள் அதற்கு முன்பே ஓட்டியின் கைக்குப் போயிருந்தன. அடுத்த படகு எப்போது என்று எவருக்கும் தெரியாது. கடற்படையின் சுற்றுக்காவல் கூடிக்கொண்டிருந்தது. அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார், கடலைப் பார்த்தார். அன்றிரவே படகேறினோம். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தானா என்பதை நாங்கள் அறியோம்.

திண்ணையில் நின்ற எங்கள் இருவர் காதிலும் அச்செய்தி விழுந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் நாங்கள் அதைப் பற்றி எங்களுக்குள்ளும் பேசியதில்லை. அப்பா செய்தது பிழை என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. இரு பிள்ளைகளைக் காக்க எடுத்த முடிவு அது. அந்த முடிவால்தான் இதை எழுத நாங்கள் இருக்கிறோம். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் வழங்கிய வாக்கியம் பாதி உண்மை. இயக்கத்துக்குப் போனபோது அவன் எங்களை விட்டுப் போனான். திரும்பி வர நினைத்தபோது நாங்கள் அவனை விட்டு வந்தோம். முதற்பாதியைச் சொல்லிச் சொல்லியே இரண்டாம் பாதியை மறைத்துவைத்தோம். 1995இல் வெண்புள்ளி இரைந்த திரையை அப்பா ஏன் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. பிக்கார்டின் மௌனத்தில் அவர் தம்மையே கண்டிருக்க வேண்டும்.

மறுநாள் அலமாரியிலிருந்த கடிதத்தை எடுத்தோம். கடைசியாகக் கண்ட நாள் என்ற இடத்தில், 1990இன் தொடக்கத்தில் ஓரிரவு என எழுதினோம். கடைசியாகக் கிடைத்த செய்தி என்ற இடத்தில், ஞாயிறு வரை பொறுக்கும்படி கேட்டிருந்தான், நாங்கள் வெள்ளி இரவே புறப்பட்டோம் என்று எழுதினோம். இவ்வளவு எழுத வேண்டுமா என்று தம்பி கேட்டபோது, "எழுது. அவன் வாசிச்சாலும் வாசிப்பான்" என்றார் அம்மா.

அதற்கு இன்றுவரை மறுமொழி இல்லை. மரக்காணத்தில் உப்பு விளைந்து, மழையில் கரைந்து, மீண்டும் விளைகிறது. வீட்டில் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அக்காளின் மகள் தன் தோழியருக்குப் பெரிய மாமாவைப் பற்றிச் சொல்லும்போது, "அவர் வருவதற்குள் எங்கள் வீட்டார் புறப்பட்டு வந்துவிட்டார்கள்" என்கிறாள். அம்மா அதைக் கேட்டுத் தலையசைக்கிறார்.